முட்டிக்கு இன்னும் விடியல

மரக்காணம் உப்பளத்தில் ஆள் இறங்குவது விடியற்காலை நாலு, நாலரைக்கு. வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. மேலே காய்கிற வெயில் போதாதென்று வெள்ளை உப்பும் அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும். பத்து, பதினோரு மணிக்குள் வாரி, குவித்து, கூடையில் சுமந்து மேட்டில் கொட்டிவிட வேண்டும். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாற்பத்தைந்தைத் தாண்டிய உடம்பில் மூட்டுகள் சொன்ன பேச்சைக் கேட்காத நேரமும் அதே நாலு மணிதான்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறவள். வயது ஐம்பத்திரண்டு. அப்பா, அம்மா இருவரும் அளத்தில் வேலை பார்த்தவர்கள். என்னைவிட நாலு வயது மூத்த அக்கா இன்னும் பார்க்கிறாள். காலையில் எழுந்ததும் என் வலது கை விரல்கள் பாதிவரைதான் மடங்கும். பிரஷ்ஷைப் பிடித்துவிடலாம், ரவிக்கைக் கொக்கி மாட்டுவதுதான் பெரும்பாடு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொக்கியைத் தொடும். அந்தச் சின்னக் கம்பியை அழுத்திப் பிடிக்கிற பலம்தான் வராது. வெந்நீர்ச் சொம்பைக் கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தால் விரல் இளகும். பள்ளிக்குப் பஸ் எட்டரைக்குத்தான் என்பதால் எனக்கு இது ஒரு சங்கடம், அவ்வளவே. அக்காவுக்கு இது பிழைப்பு. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே பிடிப்புதான். எனக்குக் கிடைக்கிற அந்த ஒன்றிரண்டு மணி நேரம் அவளுக்குக் கிடையாது. ஆகவே காலைநேர மூட்டுப் பிடிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மூட்டுக்கு முன்னால் எனக்குக் கடிகாரம்தான் நினைவுக்கு வருகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரைச் சாலையோரத்து உப்புக் குவியல்களாகத்தான் பார்த்திருப்பார்கள். ஒருபக்கம் கழுவெளி ஏரி, இன்னொரு பக்கம் வங்கக் கடல், நடுவில் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடம். பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளங்கள் வருகின்றன. உப்பு வாரினவர்களின் முட்டியைப் பற்றி எந்த அரசனும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஐப்பசி மழை வந்தால் அளம் தண்ணீரில் மூழ்கும். தை பிறந்ததும் சேற்றை வழித்து, வரப்பு கட்டி, வரிசையாக நின்று பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். பனி கொட்டுகிற அந்த நாட்களில்தான், மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு வரும் கால்கள் அதிகம் முரண்டு பிடிக்கும். பெண்கள் இதை ‘புடிச்சிக்கிச்சி’ என்பார்கள். காரணம் கேட்டால் வாயு. சிலர் உப்புத் தண்ணி எலும்புக்குள் ஏறிவிட்டது என்பார்கள்.

உப்புத் தண்ணீர் தோலை வெடிக்க வைக்கும், புண்ணை ஆறவிடாது. மூட்டுக்குள் போகாது. உள்ளே நடப்பது வேறு.

முழங்காலோ விரலோ, அசைகிற மூட்டு ஒவ்வொன்றையும் ஓர் உறை மூடியிருக்கிறது. அந்த உறையின் உட்சவ்வு ஒரு வழவழப்பான நீரைச் சுரக்கிறது. பார்க்க முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இருக்கும். அதிலுள்ள ஹையலுரானிக் அமிலம் அசைவு இருந்தால் நீர்த்துப் போய் வழுக்கும், அசைவு நின்றால் கெட்டியாகும். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. நாம் நடக்கும்போது அது நசுங்கி விரியும். அப்படி விரியும்போதுதான் அந்த நீரிலிருந்து தனக்கு வேண்டிய சத்தை இழுத்துக்கொள்ளும். இரவு ஆறேழு மணி நேரம் இது எதுவும் நடப்பதில்லை. மூட்டைச் சுற்றியுள்ள தசைநாரும் அசையாமல் கிடந்து இறுகிவிடுகிறது. இருபது வயதில் இந்த வித்தியாசம் நமக்கு உறைக்காது. குருத்தெலும்பு மெலிந்து, தசையும் இளைத்த வயதில் உறைக்கிறது. தூங்கி எழுந்தால்தான் என்றில்லை. இரண்டு சீரியல் முடியும் வரை காலை மடக்கி உட்கார்ந்திருந்தாலும், புதுச்சேரிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்ஸில் போனாலும், எழுந்து வைக்கிற முதல் நாலு அடி இப்படித்தான் இருக்கும்.

மூட்டில் அழற்சி இருந்தால், அதாவது உட்சவ்வே வீங்கியிருந்தால், இன்னொரு சங்கதியும் சேருகிறது. அழற்சியை அடக்கிவைக்கும் கார்ட்டிசால் என்ற சுரப்பு நம் உடம்பில் நள்ளிரவை ஒட்டித்தான் மிகக் குறைவாக இருக்கும். இப்படி அழற்சியால் வருகிற முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அதைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற பொருள் விடியற்காலையில்தான் உச்சத்துக்குப் போகிறது. நள்ளிரவிலிருந்து சேர்வது நாலு மணிக்கு ஏறிக்கொண்டிருக்கும். அக்கா பாத்தியில் இறங்குகிற நேரம் அது.

டாக்டரிடம் போனால் அவர் கேட்கிற முதல் கேள்வி, எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான். அக்காவை நான் அழைத்துப் போனபோதும் அதைத்தான் கேட்டார்.

“மூணாவது பாத்தி வாரி முடிக்கிற வரிக்கும் சார்” என்றாள் அக்கா.

டாக்டர் என்னைப் பார்த்தார். ஒரு பாத்திக்கு ஏழெட்டு நிமிடம் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவர் விடவில்லை. பாத்தியில் இறங்கியதிலிருந்து எண்ணக் கூடாது, பாயை விட்டு எழுந்ததிலிருந்து எண்ண வேண்டும் என்றார். அப்படி எண்ணினால், பல் விளக்கி, டீ குடித்து, அளத்துக்கு நடந்து, மூன்று பாத்தி வாரி, எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“நடந்து போறப்ப எப்படிம்மா இருக்கு?”

“நடக்கறப்ப சரியாயிடும் சார். கூடைய தூக்கிக் குனிஞ்சா மறுபடி வந்துடும்.”

அங்கேதான் விஷயம் தெளிந்தது. பிடிப்பு விட்டது நடையிலேயே. மூன்றாவது பாத்தி வரைக்கும் இருந்தது பளு தாங்காத வலி. நாம் பிடிப்பையும் வலியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம்; மருத்துவருக்கு இரண்டும் இரண்டு துப்பு. அசைந்தால் குறைவது ஒன்று, அசைந்தால் கூடுவது மற்றொன்று. டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு வாரம் செல்போனில் நேரம் பார்த்து வைத்துக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. எழுந்தது எத்தனை மணிக்கு, விரல் முழுசாக மடங்கியது எத்தனை மணிக்கு, படியிறங்கக் கைப்பிடியை விட்டது எப்போது, இவ்வளவு போதும்.

மூட்டுத் தேய்வினால் வருகிற பிடிப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரம், சிலருக்கு மதியம் வரைக்கும்கூட நீளும். அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் 1987-இல் வகுத்த முடக்குவாத அடையாளங்களில், குறைந்தது ஒரு மணி நேரக் காலைப் பிடிப்பும் ஒன்றாக இருந்தது. 2010-இல் ஐரோப்பிய மருத்துவர்களோடு சேர்ந்து அந்தப் பட்டியலைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். வேறு பல நோய்களிலும் காலைப் பிடிப்பு வருகிறது என்பதால், எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது, ரத்தப் பரிசோதனை என்ன காட்டுகிறது, ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டதா என்பவற்றுக்கு இப்போது மதிப்பெண் தருகிறார்கள். ஆகவே கடிகாரம் தீர்ப்பு சொல்லாது. எந்த வாசலுக்குப் போகலாம் என்று காட்டும்.

கையைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். எனக்கு இருப்பது நகத்தை ஒட்டிய கடைசி மூட்டிலும் கட்டைவிரலின் அடியிலும். நகத்தருகே சின்னச் சின்ன எலும்புப் புடைப்புகள் கடினமாக இருக்கின்றன. தேய்வின் முத்திரை அது. முடக்குவாதம் நகத்து மூட்டைப் பெரும்பாலும் தொடாது. முஷ்டி பிடித்தால் புடைக்கும் கணுக்களிலும் விரலின் நடுமூட்டிலும் மணிக்கட்டிலும், பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒன்றாக வரும். தொட்டால் கடினமாக இருக்காது, மெத்தென்று இருக்கும். நாலு கணுக்களையும் பக்கவாட்டில் சேர்த்து அழுத்தினால் துடிக்கும். மோதிரம் கழலாமல் போவதும், மெட்டி விரலை வெட்டுவதும் வீக்கத்தின் அறிகுறி. அக்காவோடு வேலை செய்கிற ஒருத்திக்கு நாற்பத்து மூன்று வயது. அவள் கைகள் இப்படித்தான் இருந்தன. அவள் கதைக்குப் பிறகு வருகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-இல் மூட்டுத் தேய்வு உள்ளவர்கள் 52 கோடியே 80 லட்சம் பேர். அவர்களில் 60 சதவீதம் பெண்கள். முடக்குவாதம் உள்ளவர்கள் 1 கோடியே 80 லட்சம். ஆக, நடுவயதில் காலையில் விரல் மடங்காத பெரும்பாலோருக்கு இருப்பது தேய்வுதான். ஆனாலும் எல்லாவற்றையும் “வயசாச்சு” என்ற ஒரு சாக்கில் கட்டிப் போட முடியாது. மாதவிலக்கு நிற்கும் காலத்தில், நம் நாட்டுப் பெண்களுக்குப் பொதுவாக 46, 47 வயதில், ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எந்தத் தேய்வும் இல்லாமலே மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க எலும்பு மருத்துவர் வோண்டா ரைட்டும் அவர் சகாக்களும் 2024-இல் இதற்கென ஒரு பெயரே வைத்துக் கட்டுரை எழுதினார்கள். எங்கள் அம்மாவுக்கு அந்த வயதில் “சூடு புடிச்சிருக்கு” என்று சொல்லி மோர் கொடுத்ததோடு சரி. தைராய்டு குறைந்தாலும் உடம்பு இறுகும். சர்க்கரை நோயாளிக்குத் தோள்பட்டை மாதக்கணக்கில் பூட்டிக்கொள்ளும். இளவயதிலேயே தொடங்கி, படுத்தால் கூடி நடந்தால் குறைகிற முதுகுப் பிடிப்பு வேறு ஒரு வகை. அதற்கு ஓய்வு எடுக்கச் சொல்வது தப்பு. அப்புறம் சிக்குன்குனியா. 2006-இல் அது நாடு முழுக்கச் சுழன்றடித்தபோது 13 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. எங்கள் தெருவில் அந்த வருஷம் நிமிர்ந்து நடந்தவர்கள் குறைவு. காய்ச்சல் போனாலும் சிலருக்கு மூட்டுப் பிடிப்பு மாதங்களுக்கு, சிலருக்கு வருஷங்களுக்கு நீடிக்கும் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

இனி மாத்திரைக்கு வருகிறேன். எனக்கு இதில் கோபம் உண்டு.

அளத்துக்குப் போகும் வழியில் மாத்திரை வாங்குவது இங்கே டீ குடிப்பது போலச் சாதாரணம். ‘செட்’ என்று கேட்டால் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அக்காவின் முந்தானை முடிச்சில் ஒருநாள் ஒரு பொட்டலத்தைப் பார்த்துப் பிரித்தேன். அட்டையிலிருந்து கத்தரித்த டைக்ளோஃபெனாக் ஒன்று, மஞ்சளாக ஒன்று, அட்டையே இல்லாத, மிளகளவு வெள்ளை மாத்திரை ஒன்று. பெயரில்லை, காலாவதித் தேதியில்லை. “இத போட்டா அஞ்சு நிமிசத்துல பறந்துடுது” என்றாள். பெயர் தெரியாத குட்டி மாத்திரையில் அப்படிப் பறக்கிறது என்றால் அது ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். மருத்துவர் அளந்து கொடுத்தால் அது மருந்து. மாதக்கணக்கில் தானாகப் போட்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு பொடியும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, ஏனென்றால் உடம்பு தன் சொந்தக் கார்ட்டிசாலைச் சுரப்பதையே மறந்திருக்கும். இப்படிப் பழகியவர்கள் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும்.

டைக்ளோஃபெனாக் வகையறா வலி மாத்திரைகள் உப்பளத்தில் இன்னொரு விதத்தில் கெடுதல் செய்கின்றன. வியர்வையில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையாமல் இருக்க உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் கொண்டு அந்தக் குழாயை விரித்து வைக்கும். வலி மாத்திரை வேலை செய்வதே அந்தப் பொருளைத் தடுத்துத்தான். வலியும் அடங்கும், சிறுநீரகத்துக்கு வர வேண்டிய ரத்தமும் அடங்கும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வெப்ப அளவைத் தாண்டித்தான் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருந்தது. கழிப்பறை கிடையாது என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெயில், வற்றிய உடம்பு, வெறும் வயிற்றில் ஒரு வலி மாத்திரை, மூன்றும் ஒன்று சேரக் கூடாது. ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். முழங்கால், விரல் போன்ற மேலோட்டமான மூட்டுக்கு வலிக் களிம்பு தடவினாலே பலருக்குப் போதும். மாத்திரையோடு ஒப்பிட்டால் களிம்பிலிருந்து ரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம்.

அந்தப் பொட்டலம் விற்கிற கடைக்காரரை மட்டும் திட்டி என்ன செய்ய? அக்கா வாங்குவது மருந்து இல்லை, அரை மணி நேரம். மூட்டு தானாக இளகக் கேட்கிற அந்த அரை மணியை அவளுக்கு யாரும் கொடுக்காததால் காசு கொடுத்து வாங்குகிறாள். வேறு வழியில் அந்த நேரத்தைக் கொண்டுவர முடியுமா என்றுதான் நானும் அவளும் யோசித்தோம்.

சூடு ஒரு வழி. மரக்காணத்தில் உப்புக்கா பஞ்சம்! கல்லுப்பை இரும்புச் சட்டியில் போட்டு மிதமான தீயில் வறுக்க வேண்டும். முதலில் ஈரம் போகப் போகப் படபடவென்று வெடிக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். வெடிப்பு அடங்கி, சட்டியில் கிளறும் சத்தம் சலசலவென்று மாறியதும் இறக்கி, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கொட்டி முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். முழங்கை உட்புறத்தில் வைத்துப் பார்த்து, சூடு பொறுத்தால் மட்டும் முட்டியின் பக்கவாட்டில் பத்து, பதினைந்து நிமிடம் ஒற்றலாம். உப்பு சூட்டை நீண்ட நேரம் தாங்கும், முட்டியின் வளைவுக்குத் தக்கபடி படியும் என்பதுதான் இதன் சிறப்பு. உப்பு வலியை இழுத்துக்கொள்ளும் என்று பாட்டி சொன்னது ஒரு பேச்சுக்கு, இழுப்பதெல்லாம் சூடுதான். வெந்நீர்ப் பையும் இதையே செய்யும். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்கள் இதைச் செய்யக் கூடாது, வெந்து போனாலும் தெரியாது. மூட்டு சிவந்து, தொட்டாலே சுட்டால் அங்கே சூடு வைக்கக் கூடாது. முடக்கத்தான் தோசையைக் கேட்பீர்கள். எனக்குப் பிடிக்கும், வாரம் ஒருமுறை சுடுகிறேன். அது தோசை.

இன்னொரு வழி பாயிலேயே தொடங்குகிறது. விழித்ததும் எழுந்துவிடக் கூடாது. படுத்தபடி இரண்டு பாதத்தையும் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும், அடுத்து குதிகாலைப் பாயோடு இழுத்து முட்டியை மடக்கி நீட்ட வேண்டும். விரல்களை மெல்ல முஷ்டியாக்கி, முழுதாக விரிக்க வேண்டும். வலிக்கிற எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லைவரை போகாமலும் நிறுத்தக் கூடாது. பிறகு ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி உட்கார்ந்து, சுவரைப் பிடித்து எழ வேண்டும். மொத்தம் ஐந்தாறு நிமிடம். அக்கா இதற்கு ஒத்துக்கொண்டாள், ஏனென்றால் எப்படியும் அலாரம் அடித்த பிறகு அவ்வளவு நேரம் படுத்துத்தான் கிடக்கிறாளாம். முடக்குவாதக்காரர்களை வைத்து 1985-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, முந்தின இரவே மூட்டுகளை இப்படி அசைத்துவிட்டுப் படுத்தவர்களுக்குக் காலையில் பிடிப்பு குறைந்ததைக் காட்டியது. சிறிய ஆய்வுதான். ஆனால் நேரமே இல்லாதவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல செய்தி இல்லை, காலையில் இல்லாத நேரத்தை முந்தின இரவில் எடுத்துக்கொள்ளலாம். அக்கா சீரியல் பார்க்கும்போது காலை நீட்டி வைத்துச் செய்கிறாள்.

வேலை செய்கிற உடம்புக்கு எதற்கு உடற்பயிற்சி என்று அளத்தில் எல்லோரும் கேட்பார்கள். உப்பு வாருவதில் முதுகும் தோளும்தான் உழைக்கின்றன. முட்டியைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. அதற்கு அந்த வேலையில் சுமைதான் கிடைக்கிறதே தவிரப் பலம் ஏறுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெல்ல உட்கார்வது அந்தத் தசைக்கான எளிய பயிற்சி. எடையும் கணக்கில் வரும். குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும், நடக்கையில் முட்டியில் விழும் பளு ஏறத்தாழ நாலு கிலோ குறைகிறது. அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் நெடுங்காலம் நடந்த ஆய்வில், பத்தாண்டில் ஐந்து கிலோ குறைத்த பெண்களுக்கு முட்டித் தேய்வு வரும் வாய்ப்பே பாதிக்கு மேல் குறைந்தது. அக்காவுக்கு இது தேவையில்லை, ஒல்லி. எனக்குத்தான்.

வீட்டில் மாற்றியவை சில்லறை விஷயங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுவதை எழுந்த உடனே செய்வதில்லை; குந்தி உட்கார்வதற்கு முன் அடுப்பு வேலை ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி பதித்தோம். குழாயின் திருகுப்பிடியை மாற்றி, தட்டினால் திறக்கும் நீளப் பிடி போட்டோம். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாக்கள் பரண் ஏறிவிட்டன.

அந்த நாற்பத்து மூன்று வயதுக்காரி விஷயம் இப்படித் தீரவில்லை. காலைப் பிடிப்பு பத்து மணிவரை போனது, கணுக்கள் வீங்கின, சோர்வாகவே இருந்தாள். புதுச்சேரி ஜிப்மரில் கிளினிக்கல் இம்யூனாலஜி என்று ஒரு துறை இருக்கிறது. மூட்டுவாதத்துக்கு அங்கேதான் பார்ப்பார்கள். எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனாலும் ஒருநாள் கூலி போகும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் போனாள். ரத்தப் பரிசோதனையில் முடக்குவாதம் உறுதியானது. ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ஒரு பரிசோதனையை மட்டும் வைத்து யாரும் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். நோயில்லாதவர்களுக்கும் அது பாசிட்டிவ் வரலாம், நோயுள்ளவர்களுக்கும் வராமல் போகலாம். அதனால்தான் ஆன்டி-சிசிபி, சிஆர்பி எல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். அவளுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அவள் வீட்டுக் காலண்டரில் வெள்ளிக்கிழமைகளை என் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தேன். முடக்குவாதத்தில் முதல் சில மாதங்களுக்குள் இந்த மருந்தைத் தொடங்கினால் எலும்பு அரிப்பதைப் பெருமளவு தடுக்கலாம். கோணிப்போன பிறகு நிமிர்த்த முடியாது. இந்த நோயில் தள்ளிப்போடுகிற மாதங்களுக்கு விலை விரல்கள். இப்போது ஏழு மணிக்குள் அவளுக்குக் கை விட்டுவிடுகிறது.

ஜிப்மர் வரை போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகிற இயன்முறை மருத்துவர்கள் உண்டு. சர்க்கரை, கொதிப்பு மாத்திரை கொண்டுவந்து கொடுப்பது மட்டும்தான் அந்தத் திட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் பதிந்துகொள்வார்கள்.

அக்காவின் அரை மணி நேரத்துக்கு வருகிறேன். மேஸ்திரியிடம் சொல்லேன், முதல் அரை மணி சுமை இல்லாத வேலை கொடுக்கச் சொல் என்றேன்.

“முட்டி புடிச்சிருக்குன்னு சொன்னா நாளையிலேர்ந்து வராதன்னுடுவான். நீ இன்னாடி, இஸ்கூல்ல லீவு லெட்டர் எழுதற மாதிரி பேசற.”

அவள் சொன்னது சரி. மழைக்கால மூன்று மாதம் வருமானமே கிடையாது. அரசு தருகிற 5,000 ரூபாய் நிவாரணம் ஒரு கையிருப்பு, அவ்வளவுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அளங்கள் மூழ்கிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பருவத்தில் கிடைக்கிற ஒரு நாளையும் யாரும் விட மாட்டார்கள். ஆகவே கூட்டு வேலை செய்கிற பெண்கள் மேஸ்திரியை நடுவில் இழுக்காமல் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். இறங்கியதும் வரப்பில் நடந்து மடை திறப்பது, பாத்தியில் தண்ணீர் நிற்கிற அளவு பார்ப்பது, கூடைகளைக் கொண்டுபோய் வைப்பது, இதெல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு. இளையவர்கள் நேராக உப்பு வாரும் பலகையை எடுக்கிறார்கள். வெளிச்சம் வந்ததும் எல்லோரும் சமம். மேட்டுக்கு வருகிற உப்பு குறையாததால் மேஸ்திரி இதுவரை எதுவும் கேட்கவில்லை.

தை மாதத்து மிதிக்கு மட்டும் இது செல்லாது. அதற்கு எல்லோரும் ஒரே வரிசையில் நின்றாக வேண்டும். அதனால் அக்கா கார்த்திகையிலேயே நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். காலை பத்து, சாயங்காலம் பத்து என்று சொல்லிக் கொடுத்தேன். போன வாரம் போயிருந்தபோது எண்ணிப் பார்த்தேன், பதினைந்து எழுந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, மாத்திரைப் பொட்டலம் இப்போது தினமும் இல்லை, பளு ஏறுகிற நாளில் மட்டும் என்றாள். அந்த நாளிலும் வேண்டாம் என்றேன். பார்க்கலாம் என்றாள்.